ஆடுவது பையன், காசு அப்பாவுடையது: இலவச கேம்களின் கணக்கு

2003 ஜனவரியில் தமிழ்நாட்டில் லாட்டரிச் சீட்டு விற்பனைக்குத் தடை வந்தது. கொங்கு நாட்டுக்காரருக்கு அது பாதித் தடைதான். கோயமுத்தூரிலிருந்து வாளையாறு தாண்டினால், பொள்ளாச்சியிலிருந்து கோபாலபுரம் தாண்டினால், கேரள அரசே நடத்தும் லாட்டரி கிடைக்கும். வேண்டும் என்பவர்கள் பஸ் ஏறிப் போய் வாங்கிக்கொண்டுதான் இருக்கிறார்கள். அந்த லாட்டரியை என்ன திட்டினாலும் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். எத்தனை பரிசு, ஒவ்வொன்றும் எவ்வளவு தொகை என்பதை முன்கூட்டியே அறிவித்துவிடுகிறார்கள். விழுந்தால் கையில் பணம் வரும்.

இப்போது எல்லை தாண்ட வேண்டிய அவசியமில்லாத ஒரு குலுக்கல் வீட்டுக்குள்ளேயே நடக்கிறது. பப்ஜி என்பது போனில் ஆடும் துப்பாக்கிச் சண்டை விளையாட்டு. பிஜிஎம்ஐ என்று சுருக்கிச் சொல்லப்படும் அதன் இந்தியப் பதிப்பில், காசு போட்டுத் திறக்கும் 'கிளாசிக் கிரேட்' என்று ஒரு பெட்டி உண்டு. பனி படர்ந்த மாதிரி நிறம் கொண்ட எம்416 கிளேசியர் துப்பாக்கி அதற்குள் கிடைக்கலாம். பெரும்பாலும் கிடைக்காது. யாரும் போட்டுக்கொள்ள விரும்பாத ஒரு சட்டையோ தொப்பியோ வரும். கிளேசியரே வந்தாலும் அதை விற்றுக் காசாக்க விளையாட்டில் வழி கிடையாது. போன காசு போனதுதான். இதை யாரும் லாட்டரி என்று சொல்வதில்லை, சட்டமும் சொல்வதில்லை.

விளையாட்டே இலவசமாகக் கிடைக்கும்போது இதை நடத்துபவர்களுக்கு எங்கிருந்து வருமானம் என்பதை முதலில் பார்த்துவிடலாம். இதே மாதிரி இன்னொரு விளையாட்டான ஃப்ரீ ஃபயரில் டைமண்ட், பிஜிஎம்ஐயில் யூசி. ரூபாயைக் கொடுத்து முதலில் இந்தச் செல்லாக் காசை வாங்க வேண்டும், பிறகுதான் பொருள். நேரடியாக ரூபாயில் விலை போட்டால் ஒரு துப்பாக்கி நிறத்துக்கு இவ்வளவா என்று எவருக்கும் கை நிற்கும். டைமண்டில் போட்டால் மனக்கணக்கு ஓடாது. டைமண்ட் கட்டுக்கட்டாகத்தான் கிடைக்கும். பொருளின் விலையோ அந்தக் கட்டுகளோடு ஒத்துப்போகாது. கொஞ்சம் மிச்சம் நிற்கும், அதைத் தீர்க்க இன்னொரு கட்டு வாங்கத் தோன்றும்.

அடுத்தது கெடு. சீசன் பாஸ் என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். பணம் கட்டி வாங்கியதும் பொருள் வந்துவிடாது. தினமும் ஆடி, சொன்ன வேலைகளை முடித்து, படிப்படியாக ஏறினால்தான் ஒவ்வொன்றாகத் திறக்கும். சீசன் முடிந்தால் திறக்காதது போச்சு. நாம் காசு கொடுத்து நமக்கே ஒரு வேலை வாங்கிக்கொள்கிறோம். லீவு நாளிலும் போக வேண்டிய வேலை.

மூன்றாவதுதான் பெட்டியும் சக்கரமும். ஃப்ரீ ஃபயரின் 'ஃபேடட் வீல்' இதில் தேர்ந்த வேலைப்பாடு. சக்கரத்தில் இருக்கும் பொருள்களில் வேண்டாத இரண்டை நீங்களே நீக்கலாம். ஒருமுறை வந்தது மறுபடி வராது. ஆகவே கடைசியில் பெரிய பரிசு நிச்சயம். கேட்கும்போது நியாயமாகத்தான் தெரிகிறது. ஆனால் ஒவ்வொரு சுழற்றலுக்கும் விலை ஏறும். முதல் சுழற்றல் சில்லறைக் காசு, கடைசிச் சுழற்றல் நூற்றுக்கணக்கான டைமண்ட். நாலு முறை சுற்றிவிட்டவன் 'இவ்வளவு போட்டாச்சு, இப்ப எப்படி விடறது' என்ற இடத்தில் நிற்கிறான். அந்த இடம் வரைக்கும் கூட்டிக்கொண்டு போவதற்காகவே முதல் விலையைக் குறைத்து வைத்திருக்கிறார்கள்.

இதிலெல்லாம் காசு போடுபவர்கள் மிகச் சிலர். பெரும்பாலானவர்கள் ஒரு பைசா தராமல்தான் ஆடுகிறார்கள். அள்ளிக் கொட்டும் சிலரை இந்தத் தொழிலில் திமிங்கிலம் என்று சொல்வார்கள். அப்படியானால் காசு தராத கூட்டம் கம்பெனிக்குச் சுமையா? இல்லை. நூறு பேர் குதிக்கும் மைதானத்தை நிரப்புவது அந்தக் கூட்டம்தான். கிளேசியர் துப்பாக்கியைப் பார்த்து 'ப்ரோ, செமயா இருக்கு' என்று சொல்ல ஆள் இல்லாவிட்டால் அதற்கு ஏது மதிப்பு? காசு தராதவரும் இந்த வியாபாரத்தில் ஒரு பங்காளி.

சரி, ஆடுபவர்கள் எதிர்த்துக் கேட்டு எங்காவது நடந்திருக்கிறதா? நடந்திருக்கிறது. ஆனால் எந்தச் சத்தம் பலித்தது, எது காற்றில் போனது என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

2006இல் பெதஸ்டா கம்பெனி 'ஆப்லிவியன்' விளையாட்டில் குதிரைக்கு ஒரு கவசத்தை இரண்டரை டாலருக்கு விற்றது. உலகமே கேலி செய்தது. கேலி செய்துகொண்டே வாங்கவும் செய்தது. கவசம் நிலைத்துவிட்டது, அதன் வாரிசுகள்தான் தோற்றத்தை மட்டும் மாற்றும் இன்றைய ஸ்கின்கள்.

2011இல் ஐஸ்லாந்தின் சிசிபி கம்பெனி நடத்தும், சந்தா கட்டி ஆடும் விண்வெளி விளையாட்டான 'ஈவ் ஆன்லைன்'-இல் நடந்தது வேறு. பாத்திரத்தின் முகத்தில் மாட்டும் ஒற்றைக்கண் கண்ணாடிக்கு 60 டாலருக்கு மேல் விலை வைத்தார்கள். ஆடுபவர்கள் கொதித்தார்கள். அந்த நேரத்தில் கம்பெனித் தலைவர் ஊழியர்களுக்கு எழுதிய மடல் வெளியே கசிந்தது. ஆடுபவர்கள் சொல்வதைக் கேட்டுப் பதறாதீர்கள், அவர்கள் செய்வதைக் கவனியுங்கள் என்பது அதன் சாரம். திமிரான பேச்சுதான். ஆனால் இந்தத் தொழிலைப் பற்றி உள்ளே இருந்து வந்த இத்தனை நேர்மையான வாக்கியத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. ஆடுபவர்கள் அதை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். விளையாட்டுக்குள் இருந்த ஒரு நினைவுச்சின்னத்தைச் சுற்றிக் கப்பல்களை நிறுத்திச் சுட்டுத் தள்ளினார்கள். அது காட்சிக்கு. சந்தாவை ரத்து செய்ததுதான் காரியம். ஆடுபவர்களின் பிரதிநிதிக் குழுவை ஐஸ்லாந்துக்கே வரவழைத்துப் பேசினார்கள். அக்டோபரில் தலைவர் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார்.

2015 ஏப்ரலில், கம்ப்யூட்டர் விளையாட்டுகளை இணையத்தில் விற்கும் வால்வும் பெதஸ்டாவும் சேர்ந்து, ரசிகர்கள் 'ஸ்கைரிம்' விளையாட்டுக்கு இலவசமாகச் செய்து பகிர்ந்த மாற்றங்களை விலைக்கு விற்க ஏற்பாடு செய்தன. செய்தவருக்குக் கிடைப்பது விலையில் கால் பங்கு. சில நாட்களிலேயே திட்டத்தை வாபஸ் வாங்கினார்கள். இரண்டே வருடத்தில் பெதஸ்டா வேறு பெயரில், கொஞ்சம் வேறு ஏற்பாட்டில் அதைத் திரும்பக் கொண்டுவந்தது.

எல்லாரும் எடுத்துக்காட்டாகச் சொல்வது 2017 நவம்பரில் வந்த 'ஸ்டார் வார்ஸ் பேட்டில்ஃபிரண்ட் 2'. முழு விலை கொடுத்து வாங்கும் விளையாட்டு அது, இலவசமல்ல. அப்படி வாங்கியவரும் ஸ்டார் வார்ஸ் படங்களின் வில்லன் டார்த் வேடராக ஆட வேண்டுமென்றால் சுமார் 40 மணி நேரம் உழைக்க வேண்டும் என்று ஒருவர் கணக்குப் போட்டுக் காட்டினார். இல்லையென்றால் பெட்டிக்குக் காசு போடலாம். விளையாட்டை வெளியிட்ட ஈஏ கம்பெனி, ரெடிட் என்ற இணைய மன்றத்தில் இதற்குச் சமாதானம் சொன்னது. சாதித்த பெருமிதம் கிடைக்கட்டும் என்பதற்காகத்தான் இப்படி வைத்தோம் என்றது. அந்தப் பதிலுக்கு 6 லட்சத்துக்கும் மேற்பட்ட எதிர் ஓட்டுகள் விழுந்து கின்னஸ் சாதனையாகவே பதிவானது. முதலில் வேடரின் விலையை முக்கால் பங்கு குறைத்தார்கள். அதுவும் போதவில்லை. விளையாட்டு கடைக்கு வருவதற்குச் சில மணி நேரம் முன்பு உண்மைப் பணத்தில் வாங்கும் வசதியையே நிறுத்தி வைத்தார்கள். மறு வருடம் அது திரும்பியபோது தோற்றத்தை மாற்றும் பொருள்களை மட்டும் நேரடியாக விற்றார்கள், குலுக்கல் இல்லை.

இதை வெற்றி என்று கொண்டாடுவதற்கு முன் அதே கம்பெனியின் கால்பந்து விளையாட்டைப் பார்க்க வேண்டும். 2023 வரை ஃபிஃபா என்ற பெயரில் வந்த அதில் அல்டிமேட் டீம் என்று ஒரு பகுதி. காசு போட்டு உறையைப் பிரித்தால் உள்ளே எந்த ஆட்டக்காரர் வருவார் என்பது அதிர்ஷ்டம். 2021 மார்ச்சில் முடிந்த நிதியாண்டில் தன் விளையாட்டுகளின் அல்டிமேட் டீம் பகுதியிலிருந்து மட்டும் ஈஏ ஈட்டியது 160 கோடி டாலருக்கு மேல். அதையும் வருடா வருடம் திட்டுகிறார்கள். திட்டுபவர்களே வாங்கவும் வாங்குகிறார்கள். ஒரே முதலாளி, இரண்டு விளையாட்டு. ஒன்றில் விற்பனைக்கு முன்பே ஆர்டரை ரத்து செய்யும் கூட்டம் இருந்தது, இன்னொன்றில் இல்லை. ஐஸ்லாந்துக்காரர் எழுதிய மடல் இங்கேயும் பொருந்துகிறது.

தாங்களாகவே நிறுத்தியவர்களும் உண்டு என்பதைச் சொல்லிவிடுகிறேன். 'வார்ஃப்ரேம்' விளையாட்டில் வளர்ப்பு மிருகத்தின் ரோமத்துக்கு எந்த நிறம் வரும் என்று தெரியாமல் சிறு காசு போட்டு மாற்றும் வசதி இருந்தது. ஒருவர் இருநூறு முறை அழுத்தியதைப் பார்த்த கம்பெனிக்காரர்கள் சூதாட்ட இயந்திரத்தைக் கட்டிவிட்டோமே என்று அதை எடுத்துவிட்டார்கள். அந்த விளையாட்டு இன்றும் நன்றாக ஓடுகிறது.

அரசுகள் தலையிட்ட கதை சுருக்கம்தான். ஜப்பானில் 2012இல் துண்டு துண்டாகச் சேர்த்து முழுப் பரிசு பெறும் ஒரு வகைக் குலுக்கலை நுகர்வோர் துறை சட்டவிரோதம் என்றது. சீனா 2017இல் எந்தப் பொருள் எத்தனை சதவீத வாய்ப்பில் வரும் என்று வெளியிடச் சொன்னது, அதே வருடம் ஆப்பிளும் தன் கடையில் அதை விதியாக்கியது. பெல்ஜியம் 2018இல் பெட்டிகளைச் சூதாட்டம் என்றது. பெல்ஜியத்தில் ஃபிஃபா உறைகளைக் காசுக்கு விற்பதை ஈஏ நிறுத்தியது. நெதர்லாந்து விதித்த அபராதத்தையோ அங்குள்ள உச்ச நிர்வாக நீதிமன்றம் 2022இல் தள்ளுபடி செய்தது.

இந்தியாவில் சட்டத்தின் கண் வேறு பக்கம் இருக்கிறது. ஆன்லைன் ரம்மியில் பணத்தை இழந்து உயிரை விட்டவர்களின் செய்திகள் வந்தபிறகு, ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் குழு அமைத்து, 2022இல் தமிழ்நாடு சட்டம் இயற்றியது. ஆளுநர் ஒருமுறை திருப்பி அனுப்பி, 2023 ஏப்ரலில் ஒப்புதல் தந்தார். பிறகு நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை பணம் வைத்து ஆடக் கூடாது என்ற விதி வந்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளையே மொத்தமாகத் தடை செய்தது. இவை எல்லாமே பணம் போட்டுப் பணம் எடுக்கும் ஆட்டத்தை மனதில் வைத்து எழுதியவை. பணம் போட்டு ஒரு சட்டையை எடுக்கும் ஆட்டம் கடையில் அப்படியே இருக்கிறது. 2020இல் பப்ஜியையும் 2022இல் ஃப்ரீ ஃபயரையும் மத்திய அரசு தடுத்தது உண்மை. அதற்குச் சொன்ன காரணம் நாட்டின் பாதுகாப்பு. பிள்ளைகளிடம் போன காசைப் பற்றி அதில் பேச்சே இல்லை. பப்ஜி பிஜிஎம்ஐ என்ற பெயரில் 2021இல் வந்தது, ஃப்ரீ ஃபயரின் மேக்ஸ் பதிப்பு தொடர்ந்து ஓடியது.

அப்புறம் நம் ஊர்க் கதை. ஈவ் விளையாட்டில் சந்தாவை ரத்து செய்தவர் தன் சம்பளத்தில் ஆடிய பெரியவர். விலை சரியில்லை என்று அவருக்குப் பட்டது, பர்ஸை மூடினார். திருப்பூரில் ஆடுவது எட்டாவது படிக்கும் பையன். காசு பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கும் அம்மாவுடையது, அல்லது பல்லடத்தில் தறி ஓட்டும் அப்பாவுடையது. பையனுக்கு விலை உறைக்காது, அது அவன் காசு இல்லை. அப்பாவுக்கு விளையாட்டே தெரியாது, எதை எதிர்த்துக் கேட்பது என்று தெரியாது. ஒரே ஆளுக்குள் இருக்க வேண்டிய ஆசையும் வலியும் இங்கே இரண்டு பேரிடம் பிரிந்து கிடக்கின்றன. கம்பெனிக்கு இதைவிடச் சௌகரியமான வாடிக்கையாளர் கிடைக்க மாட்டார். நம் பக்கம் இந்த விளையாட்டுகளின் விலையை எதிர்த்து ஒரு குரலும் எழாததற்குப் பயமோ அறியாமையோ காரணம் என்று நான் நினைக்கவில்லை. இந்தப் பிரிவுதான் காரணம்.

2020இல் ஆன்லைன் வகுப்புக்காக வாங்கிய போன் வீட்டிலேயே தங்கிவிட்டது. ஷிப்டுக்குப் போன அப்பா அம்மா வரும்வரை அம்முச்சியோடு இருக்கும் பிள்ளைக்கு அதுதான் துணை. யூபிஐ பின் எண் அவனுக்குத் தெரியும். வீட்டில் கரன்ட் பில் கட்டுவதும் கேஸ் பதிவு செய்வதும் பல இடங்களில் அவன்தானே. கூகுள் கணக்கு அப்பா பெயரில் இருப்பதால் கம்பெனியின் பார்வையில் வாங்கியவர் நாற்பது வயதுக்காரர். பிள்ளைகளுக்குப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்று விளையாட்டில் கேட்டாலும் கேள்வி வந்து சேருவது பிள்ளையின் கையில் இருக்கும் அதே போனுக்குத்தான். பிஜிஎம்ஐ வந்தபோது 18 வயதுக்குட்பட்டவர் ஒரு நாளுக்கு அதிகபட்சம் 7,000 ரூபாய்தான் செலவழிக்க முடியும் என்று பாதுகாப்பு ஏற்பாடாக அறிவித்தார்கள். மாதத்துக்குக் கணக்குப் போட்டால் 2,10,000. திருப்பூரில் பலருக்கு அந்த ஒரு நாள் வரம்பே ஒரு வாரச் சம்பளத்துக்கு மேல்.

பாங்கியிலிருந்து குறுஞ்செய்தி வந்து விஷயம் தெரிந்ததும் என்ன நடக்கிறது? பையனுக்கு அடி. போனைப் பிடுங்கி வைப்பார்கள். பக்கத்து வீட்டுக்குத் தெரிந்தால் மானம் போகும் என்று பேச்சை அமுக்கிவிடுவார்கள். கோபம் முழுக்க வீட்டுக்குள்ளேயே தீர்ந்துவிடுகிறது, கம்பெனிக்கு ஒரு வரி கூடப் போய்ச் சேருவதில்லை. அவர்கள் பார்க்கும் கணக்கில் அது தகராறில்லாத விற்பனை.

அமெரிக்காவிலும் இதே மாதிரி நடந்ததுதான். எபிக் கேம்ஸ் கம்பெனியின் ஃபோர்ட்நைட் விளையாட்டில் ஒரே பொத்தானை அழுத்தினால் காசு போகும்படி வைத்திருந்தார்கள், பிள்ளைகள் பெற்றோருக்குத் தெரியாமல் வாங்கித் தள்ளினார்கள். 10 லட்சத்துக்கும் அதிகமான புகார்களைக் கம்பெனி கண்டுகொள்ளவில்லை என்று அந்நாட்டு வர்த்தக ஆணையம் சொன்னது. 2022 டிசம்பரில் எபிக் கேம்ஸ் மொத்தம் 52 கோடி டாலர் தர ஒத்துக்கொண்டது. அதில் 24.5 கோடி வாடிக்கையாளர்களுக்குத் திருப்பித் தருவதற்கு. அந்தப் புகார்களை எழுதியவர்களுக்கு அன்று ஒன்றும் கிடைத்திருக்காது. ஆனால் எழுதியது பதிவில் இருந்தது, வழக்கில் அதுவே சாட்சியாகிப் போனது. புகாரும் 'செய்வது' என்ற கணக்கில்தான் சேரும்.

இங்கே எழுதுவதற்கு இடம் இருக்கிறது. 1872ஆம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 11ஆம் பிரிவுப்படி மைனர் ஒப்பந்தம் செய்யத் தகுதியில்லாதவர். அப்படிப்பட்ட ஒப்பந்தம் செல்லாது என்று பிரிட்டிஷ் காலத்தின் உச்ச மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் 1903லேயே சொல்லிவிட்டது. பையன்தான் வாங்கினான் என்று காட்ட முடிந்த அப்பாவுக்கு இது நல்ல வாதம். 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டு விதிகள், வாங்குபவரைத் திரையில் ஏமாற்றும் 13 வகை உத்திகளைப் பட்டியலிட்டுத் தடுக்கின்றன. பொய்யான அவசரம், விடாத நச்சரிப்பு, வெளியே வர முடியாத சந்தா எல்லாம் அதில் உண்டு. 'கடைசி 2 மணி நேரம்' என்று காட்டிய பொருளை அடுத்த மாதம் மறுபடி விற்றால் அது முதல் வகையில் வரும் என்று தாராளமாகக் கேட்கலாம். விளையாட்டுகளை எதிர்த்து இந்த விதியை யாராவது தட்டிப் பார்க்க வேண்டும்.

நடைமுறை என்று பார்த்தால் நேரம் முக்கியம். கூகுள் பிளே வழியாகப் போன காசை 48 மணி நேரத்துக்குள் திரும்பக் கேட்பது நல்லது, குடும்பத்தினர் தெரியாமல் வாங்கிவிட்டார் என்பதை ஒரு காரணமாகவே அங்கே சொல்லலாம். மின்னஞ்சலில் வந்த ரசீதில் ஜிபிஏ என்று தொடங்கும் ஆர்டர் எண் இருக்கும், அதை அழிக்கக் கூடாது. கோபத்தில் விளையாட்டையும் கணக்கையும் உடனே அழித்துவிடுவதுதான் நம் ஆட்கள் முதலில் செய்யும் காரியம். அதோடு ஆதாரமும் போய்விடும். கூகுள் மறுத்தால் விளையாட்டு நடத்தும் கம்பெனியின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுத வேண்டும். இ-காமர்ஸ் விதிகளின்படி 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததாகச் சொல்லி, ஒரு மாதத்துக்குள் அவர் தீர்வு காண வேண்டும். வெளிநாட்டிலிருந்து இந்தியர்களுக்கு விற்பவருக்கும் அந்த விதிகள் உண்டு. பிறகு 1915 என்ற நுகர்வோர் உதவி எண். அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி புகார்தாரர் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். கம்பெனி சியோலில் இருந்தாலும் சிங்கப்பூரில் இருந்தாலும் ஈரோட்டுக்காரர் ஈரோட்டிலேயே போடலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது.

எட்டாயிரம் ரூபாய்க்காக யார் இவ்வளவு அலைவது என்று கேட்டால் அதில் நியாயம் இருக்கிறது. தறியை நிறுத்திவிட்டு வாய்தாவுக்குப் போனால் அன்றைய கூலி போகும். ஆனால் தெருவுக்கு நாலு வீட்டில் இதே கதை. சேர்ந்து போடலாம், உள்ளூர் நுகர்வோர் சங்கம் வழியாகவும் போடலாம்.

இந்த வழிகள் எதுவும் எட்டாத ஒரு பாதையும் உண்டு. யூபிஐ கையில் இல்லாத பையன்கள் செல்போன் கடைக்குப் போகிறார்கள். 'ஏனுங்ணா, நூறு ரூவாய்க்கு டைமண்ட் ஏத்தி வுடுங்ணா' என்று விளையாட்டு ஐடியைச் சொன்னால் போதும், கடைக்காரர் தன் போனிலிருந்து ஏற்றிவிடுவார். ரொக்கம், ரசீது கிடையாது. பாட்டி கொடுத்த திருவிழாக் காசும் சுருக்குப்பையில் இருந்து எடுத்த காசும் இப்படித்தான் போகின்றன. கூகுளைப் பொறுத்தவரை வாங்கியவர் கடைக்காரர், கம்பெனியைப் பொறுத்தவரையும் அவரேதான். இந்த வியாபாரம் முழுவதிலும் வாங்குபவன் சின்னப் பையன் என்பதைக் கண்ணால் பார்க்கிற ஒரே பெரியவரும் அவர்தான். சில கடைகளில் 'அப்பாவைக் கூட்டிட்டு வா கண்ணு' என்று திருப்பி அனுப்புகிறார்கள். மற்ற கடைகளில் போய்க் கேட்டால், பையன் கேட்டான், ஏத்தி வுட்டேனுங்க என்பார்கள்.